பின்சுவருக்கு ஒரு கொடி

மா பிசைந்து மா பிசைந்தே மாமாவான என் நேசன் மாமாவுக்கு,

பகலில் உணவகத்தில் பீட்சா மா, லீவு நாளில் எங்களுக்கு ரொட்டி மா. அதனால்தான் உங்கள் பெயரில் இரண்டு மா என்று நான் சொல்லுவேன். நீங்கள் வெள்ளை விரலால் என் மூக்கில் ஒரு கோடு இழுப்பீர்கள். பகிடியும் இருக்கிறது, மூக்கும் இருக்கிறது. விரலுக்கு நான் எங்கே போக?

வருகிற மாதம் உங்கள் ஆட்டைத்திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். அப்பா நினைவு மலர் அடிப்பிக்கிறார். முன்னுக்குத் தேவாரம், நடுவில் நீங்கள் கழுத்துப்பட்டி கட்டி நிற்கிற படம், கடைசியில் நன்றி நவிலல். "மருமகள் எண்டு நீயும் ஒரு பக்கம் எழுது, பகிடி விடாமல் எழுது" என்றார். "பாசத்தின் சிகரமே" என்று தொடங்கி மூன்று தாள் கிழித்தேன். நீங்கள் சிகரம் இல்லை மாமா, என்னைவிட நாலு விரல்தான் உயரம்.

ஆகவே முதலில் செய்திகள். தோட்டத்தில் உங்கள் அத்திமரம் செத்துவிட்டது. உணவகத்தில் புதிதாக வந்தவர் மாவைச் சுழற்றி எறிகிறாராம், ஆனால் பிடிக்கிறாரில்லையாம். பிறகு, உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. டுல்டுங், அதுதான் உங்கள் தற்காலிக இருப்புப் பத்திரம், நீடிக்க நேரில் வரவும் என்று தவணை கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டி நீட்டித்தானே உங்களை ஜேர்மனியில் வைத்திருந்தார்கள். வழக்கம்போலப் பதிலை நான்தான் எழுதினேன். வர இயலாத காரணம் என்ற இடத்தில் பேனா கனநேரம் நின்றது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்று. தெரிந்திருந்தால் எட்டு மாதம் நிம்மதியாய்ப் படுத்திருப்பீர்கள்.

அந்தத் தோட்டத்தை உங்களிடம் விட்டுப்போன சல்வத்தோரேயை நினைவிருக்கிறதா? முப்பது வருடம் கெல்சென்கிர்ச்சனின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு சிசிலிக்குத் திரும்பிப் போனவர். உங்கள் உணவகத்தில் மூலை மேசைக்காரர். ரயில் பாதை ஓரம், அளவெடுத்து வெட்டிய நூறு வாடகைத் தோட்டங்களுக்கு நடுவே, அவர் மட்டும் தன் ஊரை நட்டு வைத்திருந்தார். அத்திமரம், ரோஸ்மேரிப் பற்றை, வெள்ளைக் கூழாங்கல் பாதை, மண் தொட்டியில் இரண்டு அலரி. ஊரில் கோயில் வேலியோடு மழையில் நிற்கிற அலரியை இங்கே குளிருக்கு உள்ளே தூக்கி வைக்க வேண்டும் என்றதும் நீங்கள் சிரித்த சிரிப்பு! "அலரிக்கும் அகதி அந்தஸ்துக் குடுத்திருக்கிறாங்கள், எனக்குத்தான் இல்லை" என்றீர்கள். அந்தப் பகிடி என்னுடையதாக இருந்திருக்கலாம் என்று பொறாமைப்பட்டேன்.

நூறு தோட்டத்துக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு அளவுகோல். உங்கள் வேலிச்செடி பத்துச் சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது என்று முதலாம் எச்சரிக்கை தபாலில் வந்தது. மத்தியான ஓய்வு நேரத்தில் புல் வெட்டினீர்கள் என்று இரண்டாம் எச்சரிக்கை. இரண்டையும் நான்தான் தலைவரின் குரலில் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் அடுத்த பகிடியை அங்கேதான் பிடித்தேன். இரண்டு வந்தால் மூன்று வர வேண்டாமா?

ஏப்ரல் முதலாம் தேதி, பள்ளிக்கூடம் விட்டதும், தோட்டக் குடிலைத் திறக்கிற உங்கள் திறப்பின் பிரதியோடு போனேன். குடிலுக்குள் சல்வத்தோரே விட்டுப்போன சிவப்புப் பெயின்ற் இருந்தது, இரும்பு துருப்பிடிக்காமல் பூசுகிற எண்ணெய்ப் பெயின்ற். குடிலின் பின்சுவரில், நெஞ்சு உயரத்தில், கை நீளப் பெரிய எழுத்தில், ஜேர்மன் மொழியில் எழுதினேன்: லெட்ஸ்ரெ வார்னுங். இறுதி எச்சரிக்கை. கடைசி எழுத்துக்கு என் வழக்கப்படி ஒரு பன்றிவால். எழுதிவிட்டு மழைத்தண்ணிப் பீப்பாவுக்குப் பின்னால் குந்தினேன். மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் நடுவே நீங்கள் வருவீர்கள். வந்து பார்த்துத் தலையில் கை வைக்கும்போது நான் பாய வேண்டும், "ஏப்ரல் பூல்!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் மாமா. சத்தியமாய் அவ்வளவுதான்.

நீங்கள் வந்தீர்கள். கையில் ரோஸ்மேரி நட ஒரு தொட்டி. சுவரைப் பார்த்தீர்கள். தலையில் கை வைக்கவில்லை. தொட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தீர்கள். பெயின்றைத் தொட்டு, ஈரமாக இருக்கிறதென்று விரலைப் பார்த்தீர்கள். பிறகு பாதையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ரயில் மேடு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதுகைச் சுவரில் சாய்த்து நின்றீர்கள். எழுத்தின் மேலேயே சாய்ந்து. உங்கள் உணவகச் சட்டையின் முதுகில் அந்தச் சிவப்பு ஒட்டியது.

அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாய வேண்டிய கால் மடங்கியபடியே இருந்தது.

அந்த வாரம் தொலைக்காட்சியில் யாரோ கொளுத்திவிட்டு, வெளிநாட்டுக்காரர் இருந்த வீடு ஒன்று எரிந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று. ஊரில் லைற் போஸ்ற்றில் இறுதி எச்சரிக்கை என்று எழுதி ஒட்டினால் அடுத்து அதே போஸ்ற்றில் ஒரு பிணம் கட்டிக் கிடக்கும் என்று நீங்கள் கண்ணால் கண்டவர். நான் ஐந்து வயதில் விமானம் ஏறியவள். எனக்கு எச்சரிக்கை என்றால் தபாலில், முத்திரை குத்தி, வேலிச்செடியைப் பற்றி வருவது. ஒரே சொல்லை வைத்து நான் சிரிக்க, நீங்கள் மண்வெட்டி தூக்கினீர்கள்.

நீங்கள் போன பிறகுதான் எழும்பினேன். அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த நாள் நீங்கள் சுண்ணாம்பு பூசியிருந்தீர்கள். சிவப்பு ஊறி மேலே வந்துவிட்டது. மறுபடி பூசினீர்கள், மறுபடி வந்தது. சுரண்டிப் பார்த்தீர்கள், எழுத்து இன்னும் அகலமானது. நல்ல பெயின்ற் பூசத் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் அவர் வந்து பார்ப்பார், பார்த்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் உங்கள் பத்திரத்தைக் கேட்கும். நீங்கள் இந்த வரிசையில் யோசித்திருப்பீர்கள் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது நான் யோசித்தது ஒன்றைத்தான்: எப்படியாவது அது மறைந்தால் நான் சொல்லவே தேவையில்லை.

ஆகவே நாங்கள் இருவரும் செடி வாங்கப் போனோம்.

உலகத்தில் இப்படி ஒரு வியாபாரம் நடந்திருக்குமோ தெரியாது. நீங்கள் அந்த எழுத்தை என்னிடமிருந்து மறைக்கக் கொடி தேடினீர்கள். நான் அதை எழுதியதை உங்களிடமிருந்து மறைக்கக் கொடி தேடினேன். நடுவில் செடிக்கடை அம்மா, கையுறையோடு, இந்த இரண்டு கள்ளருக்கும் அத்தனை பொறுமையாய் விளக்கம் சொன்னா.

"கெதியா வளர்றது எது எண்டு கேள், பிள்ளை."

"என்னத்தை மூட, மாமா?"

"பாரன், அந்தப் பீப்பா எவ்வளவு அரியண்டம். கொம்போஸ்ட் பெட்டி. பிறகு…" ஒரு தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தீர்கள். "பின்சுவரும் வடிவில்லாமல்தானே கிடக்கு."

பீப்பாவுக்கும் பெட்டிக்கும் சிவப்புப் பூ அவரை போதும் என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச ஒரு மணித்தியாலமும் பின்சுவருக்கு. போகன்வில்லாவை நீங்கள் தடவிப் பார்த்தீர்கள். முதல் உறைபனியிலேயே போய்விடும் என்றா கடை அம்மா. கொடித்தோடையை, அந்தப் பாஷன் பழக் கொடியைக் கண்டு முகம் மலர்ந்தீர்கள். அதுவும் சூடான சுவருக்குத்தான், எங்கள் சுவருக்கு வெயில் வருவது மாலையில் கொஞ்சம். மல்லிகை மாதிரி ஒன்று, அதற்கும் அதே பதில். சல்வத்தோரேயின் ஊர்ச் செடிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. ஒரு வருடத்தில் ஆறு மீற்றர் ஓடும் ஒரு கொடி இருந்தது. ஆனால் அது கூரை ஓட்டைத் தூக்கிவிடும், சங்கத்தில் தடை.

ஏறுரோசாவைக் காட்டி, கம்பிச் சட்டம் அடித்துக் கட்ட வேண்டும், முள் அதிகம் என்றா. நான் மொழிபெயர்த்தேன்.

"முள்ளு இருந்தா நல்லதுதானே," என்றீர்கள்.

"ஏன் மாமா, பீப்பாவை ஆரும் களவெடுக்கப் போறாங்களோ?"

நீங்கள் சிரிக்கவில்லை. அந்த முள்ளை யாருக்காகக் கேட்டீர்கள் என்று தெரிந்துகொண்டே இதைக் கேட்டேன். எனக்கு வேறு மாதிரிக் கதைக்கத் தெரியாது. பயந்தால் என் வாய் தானாகப் பகிடி விடுகிறது.

எஃபோய்க் கொடி நல்லதென்றா. பனியிலும் பச்சை, சுவரைத் தானே பிடிக்கும். ஆனால் சுவர் மூட மூன்று வருடம். "மூண்டு வருசம் ஏலாது. மூண்டு மாசம் எண்டு சொல்லு." அப்போதுதான் காட்டு முந்திரிகையை, திராட்சை இனக் கொடி ஒன்றைக் காட்டினா. சின்னச் சின்ன ஒட்டுப் பாதம், பல்லி மாதிரி. ஆணியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தொட்டிகள் நாலு இருந்தன. ஆடிக்குள் எழுத்து மூடிவிடும் என்று நானே மனதுக்குள் அளந்தேன்.

அந்த அம்மா கடைசியாக ஒரு வசனம் சொன்னா. இலையுதிர் காலத்தில் இது தீயாய்ச் சிவக்கும், பிறகு எல்லா இலையும் விழும், குளிர் முழுக்கச் சுவர் வெறுமையாய் நிற்கும், பரவாயில்லையா என்று கேட்டா.

"என்ன சொல்லுறா?"

"சிவப்பாய் வடிவா வருமாம்," என்றேன்.

விழும் என்று சொல்லவில்லை மாமா. சொன்னால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், பிறகு மூன்று வருடம் அந்த எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்களும் கேட்கவில்லை. கொடி இலை கொட்டுமா என்று கேட்க உங்களுக்கு எப்படித் தோன்றும்? நாங்கள் வந்த இடத்தில் கொடியில் இலை இல்லையென்றால் அது செத்த கொடி.

பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாரும் கம்பம் நட்டுக் கொடி ஏற்ற, நாங்கள் சுவரில் கொடி ஏற்றினோம் என்று நான் சொன்னபோது மட்டும் ஒரு தடவை சிரித்தீர்கள்.

அந்தக் கோடையில் நீங்கள் அம்மாவை ஒரு நாளும் தோட்டத்துக்குக் கூட்டிவரவில்லை. "அங்க நுளம்புக் கடி அக்கா", "வழி முழுக்கச் சேறு அக்கா." நாங்கள் எல்லாரும் இருந்த வீட்டில் உங்கள் கட்டிலை உள்ளறையிலிருந்து வாசல் கதவடிக்கு இழுத்தீர்கள். "காத்து நல்லா வருது" என்றீர்கள். நாலாம் மாடியின் படிக்கட்டில் என்ன காற்று? குடிலின் பின்பக்கம் நாலு வாளியில் மணல் நிரப்பி வைத்தீர்கள்.

"என்ன மாமா, ஊர்ப் பூனையளுக்குக் கக்கூசோ?"

"ஓமடி, உனக்கும் ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன்."

தீயை மணலால் அணைக்கலாம் என்று எனக்கும் தெரியும். நாங்கள் அதை இரசாயனப் பாடத்தில் படித்தோம்.

ஒரே ஒரு நாள் சொல்ல வந்தேன். நீங்கள் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். இலை எழுத்தில் பாதியை மூடியிருந்தது.

"மாமா, இந்தச் சுவரில எழுதினது…"

நீங்கள் வாளியை வைத்துவிட்டு என் இரண்டு தோளையும் பிடித்தீர்கள். "அப்ப நீ கண்டிட்டாய். ஒண்டுக்கும் பயப்பிடாதை, பிள்ளை. நான் இருக்கிறன். கொம்மாக்கு மட்டும் சொல்லிப் போடாதை."

நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். பகிடிக்கு ஒரு நாளும் பஞ்சமில்லாத இந்த வாய்க்கு அன்று என்ன வந்தது?

ஐப்பசியில் சுவர் தீயாய்ச் சிவந்தது. நீங்கள் படம் எடுத்து சிசிலிக்கு அனுப்பினீர்கள். அடுத்த இரண்டு கிழமையில் எல்லாம் விழுந்தது. எலும்பு மாதிரிக் கிடந்த கொடிக்குள்ளே எழுத்து நின்றது, ஒரு வால் குறையாமல்.

"கொடியும் கொட்டுமோ, பிள்ளை?"

"ஓம் மாமா. சித்திரையில திரும்பி வரும்."

"அதுமட்டும் என்ன செய்யிறது?"

 நீங்கள் அத்திமரத்தடிக்குப் போனீர்கள். குளிருக்குச் சுற்றிக் கட்டும்படி சல்வத்தோரே விட்டுப்போன வைக்கோல் பாயை அவிழ்த்துக் கொண்டுவந்து சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டீர்கள். "மரம் தாங்கும்" என்றீர்கள். தாங்கவில்லை மாமா. தை மாதக் குளிரில் அடிவரை கறுத்துவிட்டது. நீங்களும் தாங்கவில்லை. நீங்கள் அத்திமரத்துக்கு முன்னமே போய்விட்டீர்கள், மார்கழியில், காலை பத்து மணிக்கு, மா இயந்திரத்துக்குப் பக்கத்தில். முப்பத்தாறு வயதில்.

எங்கள் வீட்டு வைத்தியரிடம் நான் தனியாகக் கேட்டேன், பயத்தால் இதயம் நிற்குமா என்று. உங்கள் இதயக் குழாய்கள் வருடக்கணக்காய் அடைத்திருந்தன, சிகரெட்டும் சேர்ந்தது என்றார். பிறகு, நித்திரையில்லாமல் இருந்தாரா, ஏதும் மனக்கவலை இருந்ததா என்று கேட்டார். ஏன் கேட்கிறாய் என்றும் கேட்டார். பள்ளிக்கூடக் கட்டுரைக்கு என்றேன். அவருடைய பாதிப் பதிலோடு ஒரு வருடமாய் இருக்கிறேன். மற்றப் பாதியை யாரிடம் கேட்பது?

போன ஞாயிறு அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வருட முடிவுக்குள் தோட்டத்தை யார் பெயரிலாவது மாற்ற வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சங்கம் எழுதியிருக்கிறது. "தம்பி வைச்ச இடத்தை ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றா. கொடி மறுபடி இலை கொட்டி முடிந்திருந்தது. உங்கள் வைக்கோல் பாய் எப்போதோ உக்கிப் போய்விட்டது. முன்பக்கம் எல்லாம் காட்டி, குடிலைச் சுற்றி வரும்போது சொல்லுவதென்று வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அம்மா எனக்கு முன்னால் நடந்துவிட்டா. பின்சுவருக்கு முன்னால் நின்றா.

"அம்மா, அது வந்து…"

"இது உன்ர எழுத்தெல்லே?"

நான் ஓடிப்போய்க் கடைசி எழுத்தின் வாலைக் கையால் பொத்தினேன்.

"எனக்கு டொச் வாசிக்கத் தெரியாது. உன்ர எழுத்துத் தெரியும். பத்து வருசமாக் கொப்பியில கையெழுத்து வைக்கிறவள் நான். இந்தப் பன்றிவாலுக்கு எத்தினை தரம் பேசியிருப்பன்? என்னடி எழுதியிருக்கிறாய்?"

சொன்னேன். தமிழில் சொன்னதும் அம்மாவின் முகமும் அன்றைய உங்கள் முகமாகவே மாறியது. அவவும் லைற் போஸ்ற் பார்த்தவதானே.

"தம்பி இதைக் கண்டவனோ?"

"ஓம்."

"ஆர் எழுதினதெண்டு தெரியுமோ?"

"தெரியாது. வேற ஆக்கள் எண்டு நினைச்சார்."

"அப்ப கட்டிலைக் கதவடிக்கு இழுத்தது…"

"ஓம் அம்மா."

அம்மா உங்கள் மணல் வாளியின் விளிம்பில் இருந்தா. எனக்கு அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். வாளிக்குள் கை விட்டு மணலை ஒரு பிடி அள்ளினா.

"எனக்கு ஒருக்காக் காட்டியிருந்தா," என்றா. "ஒரேயொருக்கா. எங்கட குரங்கின்ர வேலையடா எண்டு அதிலையே சொல்லியிருப்பனே. நாங்கள் மூண்டு பேரும் சிரிச்சிருப்பமே."

அவ்வளவுதான் மாமா. நீங்கள் அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்ததை, அந்த அக்கா ஒரு பார்வையில் முடித்திருப்பா. 

நான் கொடியைப் பிடுங்கப் பாய்ந்தேன். ஒட்டுப் பாதங்கள் சுண்ணாம்போடு உரிந்தன. அம்மா கையைப் பிடித்தா.

"விடு. அது அவன் வைச்சது."

"அப்ப பக்கத்தில எஃபோய் வைப்பம் அம்மா. அது குளிருக்கும் கொட்டாது."

"வேண்டாம். கோடைக்கு மூடட்டும், குளிருக்குத் தெரியட்டும். தெரியிறபோது நீ வந்து நிண்டு பார்."

வீட்டுக்கு வந்ததும், அப்பா இதையெல்லாம் மலரில் போட ஏலாது, சனம் என்ன கதைக்கும் என்றார். "கதைக்கட்டும்," என்றா அம்மா. "அவன் பயந்தாங்கொள்ளியாய்ச் சாகேல்லை. எங்களுக்குக் காவல் இருந்துதான் செத்தவன். அது சனத்துக்குத் தெரியட்டும்." பிறகு என்னைப் பார்க்காமலே, "உள்ளதை எழுது" என்றா. உள்ளதை எழுதிவிட்டேன். தமிழ்த் தட்டச்சுக்காக இது நாளைக்கு ஹம்பேர்க் போகிறது.

தோட்டத்தை அம்மா தன் பெயரில் எடுக்கிறா. அத்திமரத்தின் அடிக்கட்டையை நான் தோண்டி எடுக்க வேண்டும், அதுவும் அம்மாவின் தீர்ப்பில் ஒரு பகுதி. ஒவ்வொரு குளிருக்கும் வருவேன், விழுந்த இலையைக் கூட்டிவிட்டு, நீங்கள் முதுகைச் சாய்த்து நின்ற இடத்தில் நிற்பேன். அந்தச் சிவப்புப் பெயின்றில் இன்னும் மிச்சம் இருக்கிறது. திவசத்தன்று எழுத்துக்குக் கீழே என் பெயரைத் தமிழில் எழுதப் போகிறேன். அன்றைக்கு அதைத்தானே எழுதாமல் விட்டேன். பகிடியை நான் விடமாட்டேன் மாமா, விட எனக்குத் தெரியாது. ஆனால் இனி எந்தப் பகிடியும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. இதுவும்தான்.

எழுதியது நான்தான்:
உங்கள் ஒரே அக்காவின் ஒரே மகள், நீங்கள் கதவடியில் படுத்துக் காத்த மருமகள்,
தர்சினி

கெல்சென்கிர்ச்சன்